முத்திரை குத்திய பிழைகள்

பீட்டில்ஸ் இசைக்குழுவைப் பற்றி அதிகாரபூர்வம் என்ற முத்திரையோடு வரும் சிறப்பு மலர்களிலும் இசைத்தட்டுக் குறிப்புகளிலும் இத்தனை பிழைகளா? டிரம்ஸ் கலைஞர் ரிங்கோ ஸ்டார் தொடக்கம் முதலே குழுவில் இருந்தார் என்று கூசாமல் எழுதுகிறார்கள். முன்பு டிரம்ஸ் வாசித்த பீட் பெஸ்ட் நீக்கப்பட்டு, 1962 ஆகஸ்டில்தான் ரிங்கோ சேர்ந்தார் என்பது எந்த ரசிகருக்குத் தெரியாது? 'லெட் இட் பி' பாடல் தொகுப்பு 1970இல் வெளிவந்ததாலேயே அதைக் கடைசியாகப் பதிவான தொகுப்பு ஆக்கிவிடுகிறார்கள். அதன் பெரும்பகுதி 1969 ஜனவரியிலேயே, அதாவது 'அபி ரோடு' தொகுப்பின் பதிவு முடிவதற்குப் பல மாதங்கள் முன்பே, பதிவாகிவிட்டது. எனக்குப் பொறுக்கவே முடியாதது, குழுவின் கிதார் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசன் எழுதிய 'சம்திங்' பாடலை, குழுவின் பெரும்பாலான பாடல்களை எழுதிய லெனன், மெக்கார்ட்னி பெயரில் அச்சிடுவது. அவ்விருவரின் நிழலில் ஆண்டுக்கணக்கில் நின்ற கலைஞரிடமிருந்து அந்தப் பாடலையும் பறிக்க வேண்டுமா? அச்சுக்குப் போகுமுன் விவரம் தெரிந்த ஒருவர்கூடவா படித்துப் பார்ப்பதில்லை?