அறுந்த தோள்பட்டிக்கு முன்னால் பல வருட மேடை இருக்கிறது

மேடையில் உடையின் தோள்பட்டி அறுந்த ஒரே இரவில் அமெரிக்க மேடைக் கலைஞர் ஜிப்ஸி ரோஸ் லீ நட்சத்திரம் ஆகிவிட்டார் என்று அவரைப் பற்றிய ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பட்டி அறுந்ததாகவே இருக்கட்டும், அதற்கு முந்தைய வருடங்கள் எங்கே போயின? சியாட்டிலில் ரோஸ் லூயிஸ் ஹோவிக் என்ற பெயரில் பிறந்த இவர், தங்கை ஜூனோடு சின்ன வயதிலிருந்தே வோட்வில் (ஆட்டம், பாட்டு, நகைச்சுவை கலந்த கதம்ப நிகழ்ச்சி) மேடைகளில் ஊர் ஊராகச் சுற்றியவர். ஆட்டமும் கைதட்டலும் தங்கைக்கு. இவருக்குப் பையன் வேஷம், பின்வரிசை. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் மாட்டாமல் இருக்க, பிள்ளைகளின் வயதையே மாற்றிச் சான்றிதழ் காட்டிய அம்மா வேறு. 1928-இல் ஜூன் கல்யாணம் செய்துகொண்டு ஓடிப்போனார். பேசும்படம் வந்து வோட்வில்லும் படுத்தது. அப்புறம்தான் பர்லெஸ்க், அதாவது கேலியும் உடை களையும் ஆட்டமும் கலந்த மேடை, அதுவும் வயிற்றுப்பாட்டுக்காக. அந்தக் கட்டுரைக்கு மேலே கருத்து எழுதிய ஒரு நண்பர் இவரை "உடம்பைக் காட்டிப் பிழைத்தவர்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார், படிக்க வருத்தமாக இருந்தது. அவர் காட்டியது ரொம்பக் கொஞ்சம். ஒரு கையுறையைக் கழற்றவே அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வார். கவுனைப் பிடித்திருக்கும் குண்டூசிகளை ஒவ்வொன்றாக உருவி, மேடைக்குக் கீழே வாசிப்பவரின் டூபா என்ற பெரிய ஊதுகருவியின் வாய்க்குள் போடுவார். இடையில் பேச்சு, கேலி, ஒரு புருவத் தூக்கல். எந்த இடத்தில் நிறுத்தினால் கூட்டம் மூச்சைப் பிடிக்கும் என்கிற கணக்கு பின்வரிசையில் நின்று பார்த்துப் பார்த்துக் கற்றது. 1931-இல் நியூயார்க்கில் மின்ஸ்கி சகோதரர்களின் பர்லெஸ்க் அரங்கில் ஏறியபோது அவர் புதுமுகமே இல்லை.