அப்துல் ஹமீதின் ஜீப்பில் இருந்தது ஹவிட்சர் அல்ல

1965 இந்திய-பாகிஸ்தான் போரில் இந்திய ராணுவத்தின் ஹவில்தார் அப்துல் ஹமீது, குண்டை உயர வளைத்து வீசும் ஹவிட்சர் பீரங்கியைச் சாதாரண ஜீப்பில் பொருத்திச் சுட்டார் என்றும், எனவே எந்தப் பீரங்கியையும் எந்த ஜீப்பிலும் ஏற்றலாம் என்றும் கூறும் செய்தி, பாளையங்கோட்டை, வள்ளியூர் வட்டாரங்களில் படைத்தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் பரவுகிறது. இது தவறு.

பஞ்சாபின் கேம்கரன் களத்தில் பாகிஸ்தானின் பாட்டன் டாங்குகளை அழித்த அவருடைய ஜீப்பில் இருந்தது 106 மி.மீ. பின்னுதைப்பற்ற பீரங்கி. அதன் எடை ஏறத்தாழ 210 கிலோதான். வெடிவாயுவின் ஒரு பகுதி குழலின் பின்புறத் துளைகள் வழியே பீறிட்டு வெளியேறி, குண்டு முன்னே பாய்வதால் எழும் உதைப்பை ஈடுசெய்வதால் ஜீப் தாங்குகிறது. அந்த வாயுவீச்சு உயிரையே பறிக்கும் என்பதால் சுடும்போது பின்னால் எவரும் நிற்கக் கூடாது.

ஹவிட்சரின் பின்புறமோ மூடியது. முழு உதைப்பையும் வண்டியே ஏற்க வேண்டும். நம் 105 மி.மீ. இலகுரகப் பீரங்கியே இரண்டு டன்னுக்கு மேல் கனமானது. ஆயினும் இலகுரக வண்டியில் ஹவிட்சரே ஏறாது என்பதும் சரியன்று: அமெரிக்க ஹம்வீ வண்டியில் பொருத்திய ‘ஹாக்ஐ’ 105 மி.மீ. பீரங்கியில், உதைக்கும் பகுதி முதலில் முன்னோக்கி நகர, அந்த ஓட்டத்திலேயே குண்டு சுடப்படுவதால், உதைப்பின் பெரும்பகுதி அந்த முன்னோட்டத்தை நிறுத்துவதிலேயே செலவாகிறது. அந்த நுட்பம் இல்லாத பீரங்கியை ஜீப்பில் பொருத்திச் சுட்டால் வண்டி கவிழலாம், அதன் அடிச்சட்டம் முறியலாம்; அருகில் நிற்பவர் உயிருக்கும் ஆபத்து.