அந்த ஒரு போன் நம்பர்

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் பெண்ணுக்கு, அதற்கெனப் பயிற்சி பெற்ற ஒரே செவிலியர் தொடக்கம் முதல் முடிவு வரை துணையிருக்க வேண்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. என் அக்காவுடன் 8 மாதம் அலைந்தவள் நான். முழு மனதோடு ஆமோதிக்கிறேன்.

என்ன மருந்து, எத்தனை முறை என்று டாக்டர் சொல்லிவிடுவார். கேள்விகள் முளைப்பது வீட்டுக்கு வந்த பிறகுதான். முதல் கீமோ முடிந்த அன்று சிறுநீர் சிவப்பாகப் போனதும், ரத்தம் என்று நினைத்து அக்கா அழுதுவிட்டாள். அது டாக்ஸோரூபிசின் மருந்தின் நிறம், ஓரிரு நாளில் சரியாகிவிடும் என்று போனில் தேற்றியவர் ஒரு செவிலியர். மருந்து ஏற்றிய பிறகு 7 முதல் 14 நாட்களில், கிருமிகளை எதிர்க்கும் ரத்த வெள்ளை அணுக்கள் மிகவும் குறையும், 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தால் நடுராத்திரி என்றாலும் உடனே வாருங்கள், மாத்திரை போட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னதும் அவர்தான். 12-ஆம் நாள் ராத்திரி அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. யோசிக்காமல் கிளம்பினோம்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு, காயத்திலிருந்து நீரை வெளியேற்ற வைக்கும் டிரெயின் குழாயில் சேரும் நீரை அளப்பது, தோள் இறுகாமல் கையை அசைப்பது எல்லாமே அவர் சொல்லிக் கொடுத்ததுதான். அப்புறம், தன் உடம்பைக் கண்ணாடியில் பார்க்கவே பயமாக இருக்கிறது என்பதை அக்கா எங்கள் யாரிடமும் சொல்லவில்லை, அவரிடம் சொன்னாள்.

கதிர்வீச்சு தொடங்கும்போது அவரை வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் புது முகம், முதலிலிருந்து அதே கதை. தோல் எரிச்சலுக்கு என்ன தடவலாம் என்று கேட்கவே அக்கா தயங்கினாள்.