பழைய வீடுன்னு காசு வாங்குறீங்க, அந்த வீட்டை வீடா விட்டு வச்சீங்களா?

ரொம்ப நாளா அடக்கி வச்சிருந்தேன், இன்னிக்குக் கொட்டிடுறேன். மெக்சிகோல நூறு வருஷத்துக்கு மேல பழசான வீட்டை வாங்கி பொட்டிக் ஹோட்டல்னு, அதாவது சின்ன சொகுசு ஹோட்டல்னு, போர்டு மாட்டி ரூம் விக்கிறாங்களே, அவங்க மேல எனக்கு அவ்வளவு கோவம். வீட்டு மேல ஒரு குறையும் இல்ல, வீடு அருமையான வீடு. அதைக் குடைஞ்சு மூச்சு முட்ட வச்சுட்டு, அப்புறம் எதைக் கேட்டாலும் "பழைய வீடு மேடம், அப்படித்தான் இருக்கும்"னு பழியை வீட்டு மேலயே போடுறாங்க பாருங்க, அதைத்தான் தாங்க முடியல.

நாங்க போனது யூகடான் மாநிலத்து மெரிடாவுக்கு, போன மே மாசம். மே மாசம் அங்க வெயில் 40 டிகிரியைத் தாண்டும், அது தெரிஞ்சுதான் போனோம், அந்த ஊரு பழைய வீடுங்க வெயிலுக்குன்னே கட்டினதுங்கிற நம்பிக்கைல. சுண்ணாம்புக்கல் சுவர் அவ்வளவு கனம், கூரை ரெண்டு ஆள் உயரத்துக்கும் மேல, நடுவுல திறந்த முற்றம், எதிரும் புதிருமா பெரிய பெரிய கதவு. சூடு மேல ஏறிடும், கதவைத் திறந்து விட்டா முற்றத்துப் பக்கம் இருந்து காத்து குறுக்க ஓடும். கரன்ட் வர்றதுக்கு முன்னாடியே ஜனங்க அந்த வெயில்ல ஹேமக், அதான் தொங்குற வலைப் படுக்கை, கட்டித் தூங்கியிருக்காங்க, ரூம் சுவர்லயே அதுக்குக் கொக்கி பதிச்சிருக்கும், இன்னிக்கும் யூகடான்ல நிறையப் பேருக்கு ஹேமக்தான் படுக்கை.

இவங்க என்ன பண்ணியிருந்தாங்க தெரியுமா? முற்றத்தை மூடி மேல கண்ணாடிக் கூரை போட்டு ரெஸ்டாரன்ட் ஆக்கிட்டாங்க. உயரமான ரூமை நடுவுல பலகை அடிச்சு ரெண்டு தட்டாப் பிரிச்சு, கீழ ஒரு ரூம் மேல ஒரு ரூம், ரெண்டு வாடகை. எங்களுக்குக் குடுத்தது மேல் ரூம், அதாவது மொத்தச் சூடும் வந்து நிக்கிற இடம். ஜன்னல் இருந்த பாதிச் சுவர் கீழ் ரூமுக்குப் போயிடுச்சு, எங்களுக்குக் கதவு மட்டும்தான், அதுவும் அந்த ரெஸ்டாரன்டைப் பாத்து. ராத்திரி முழுக்க ஏசி ஓடியும் சுவர்ல கை வச்சா வெதுவெதுன்னு இருக்கு. நான் புக் பண்ணும்போது பாத்த போட்டோல தெருவைப் பாத்த முன் ரூம், நீள ஜன்னல், தரையில பூப்போட்ட பழைய டைல்ஸ், நம்ம ஆத்தங்குடி கல்லு மாதிரியே கையால செய்யற சிமென்ட் டைல்ஸ் அது. அந்த அழகு இருக்கிறது ஒரே ஒரு ரூம்ல. மத்த ரூமுக்கும் அதே போட்டோவைப் போட்டு விக்கிறது ஏமாத்து வேலை, வேற பேரே கிடையாது.

சுவர் கதை இன்னும் மோசம். அந்த ஊரு மண்ணுக்கடியில முழுக்கச் சுண்ணாம்புப் பாறை, ஈரம் அதுவழியா சுவர்ல ஏறத்தான் செய்யும். பழைய சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வாங்கி வெளிய விட்டுடும். இவங்க அது மேல சிமென்ட்டைப் பூசி பளபளன்னு பெயின்ட் அடிச்சுட்டாங்க, ஈரம் போக வழியில்லாம உள்ளயே நின்னு, உப்பு பூத்து, கட்டிலுக்குப் பின்னாடி பொருக்குப் பொருக்கா உதிருது, தலைகாணி எல்லாம் பூஞ்சை வாடை. அதுக்கும் வீடு பழசுங்கிற பதில்தான்! வீடு பழசானதால வந்த வாடை இல்லம்மா அது, நீங்க பூசின சிமென்டால வந்த வாடை.

உச்சகட்டம் இனா சாக்கு. அங்க தேசிய மானுடவியல் வரலாற்று நிறுவனம்னு ஒண்ணு 1939ல இருந்து இருக்கு, சுருக்கமா இனான்னு சொல்லுவாங்க. 1972ல வந்த சட்டப்படி, 16ல இருந்து 19ஆம் நூற்றாண்டு வரைக்கும் கட்டின, வரலாற்றுச் சின்னமா இருக்கிற கட்டடத்துல வேலை செய்யணும்னா அவங்க அனுமதி வேணும். நல்ல சட்டம், நான் முழுசா அந்தச் சட்டத்துப் பக்கம். ஆனா கதவுக்குக் கொசுவலை கேட்டா இனா விடாது, தாழ்ப்பாள் பொருந்தல சரி பண்ணுங்கன்னா இனா விடாது, ஷவர்ல உப்பு அடைச்சு தண்ணி சொட்டுதுன்னா அதுக்கும் பழைய கட்டடம் மேடம். அப்போ பின்கட்டுல நீச்சல் தொட்டி எப்படி வந்துச்சு? ரூமை ரெண்டாப் பிளந்தது எப்படி? காசு வர்ற இடத்துல எல்லாம் வேலை நடக்குது, விருந்தாளி தூங்குறதுக்கு ஒரு வலை அடிக்கத்தான் வரலாறு குறுக்க நிக்குதா? டெங்கு இருக்கிற ஊருங்க அது.

சத்தத்தைப் பத்தியும் சொல்லிடுறேன், ஏன்னா இதுல ஊரைக் குத்தம் சொல்ல மாட்டேன். வியாழக்கிழமை சாந்தா லூசியா பூங்காவுல பாட்டுக் கச்சேரி, குறுகலான தெருவுல பஸ் சத்தம், சர்ச் மணி, இதெல்லாம் அந்த ஊரோட உயிர், கேக்கத்தானே போறோம். எங்க கதவுக்கு நேரா முற்றத்தை வெளியாளுங்க பார்ட்டிக்கு வாடகைக்கு விட்டு நடுராத்திரி தாண்டியும் ஸ்பீக்கர் வச்சாங்களே, அதை எப்படிப் பொறுத்துக்கிறது? புக் பண்ணும்போது ஒரு வார்த்தை சொன்னாங்களா? இல்ல. 16 சதவீத வாட் (VAT) வரியும் அதுக்கு மேல தங்கும் வரியும்கூட செக்-அவுட் அன்னிக்குத்தான் பில்லுல வந்து நிக்குது.

இன்னொண்ணு எனக்கு நெஞ்சுல நிக்குது. ரூம்ல ஒரு அட்டை வச்சிருந்தாங்க, எனெக்கென்ங்கிற கத்தாழை நார் வியாபாரம் கொழிச்ச பொற்காலத்துல ஒரு பெரிய பண்ணைக் குடும்பம் கட்டின வீடுன்னு. அந்தக் கயித்து நார்ல வந்த பணத்துக்காகக் கடன்ல கட்டிப்போட்டு வேலை வாங்கப்பட்டது அந்த மண்ணோட பூர்வகுடி மாயா ஜனங்க, வடக்க சொனோரா மாநிலத்துல இருந்து யாக்கிங்கிற பூர்வகுடி மக்களைப் பிடிச்சு இங்க கொண்டுவந்து வேலைக்கு விட்டதும் இதே காலத்துலதான். அட்டையில அவங்களைப் பத்தி ஒரு வரி கூட இல்ல. வரலாறு விக்கிறவங்க முழுசா வரலாறு சொல்லணும்ல?

ரூம் சுத்தம் பண்ண வந்த அக்கா மாயா மொழி பேசுறவங்க. எங்க நிலைமையைப் பாத்துட்டு சுவர்ல இருந்த பழைய கொக்கியைக் காட்டி, இதுல ஹேமக் கட்டினா நல்லா தூங்கலாம்னு சைகையில சொன்னாங்க. அந்தக் கொக்கியில அலங்காரத்துக்கு ஒரு தொப்பி மாட்டியிருந்துச்சு. ஹேமக் கேட்டு ரிசப்ஷன்ல போய் நின்னா, ரூம்ல கட்ட அனுமதி இல்லன்னுட்டாங்க! அந்த ரிசப்ஷன் பொண்ணு மேல எனக்குக் கோவமே இல்ல, பாவம், மேனேஜர் சொல்லிக்குடுத்ததைத்தான் திருப்பிச் சொல்லுச்சு.

ஊருக்கு வந்ததும் மேனேஜருக்கு எல்லாத்தையும் எழுதினேன். அடுத்த தடவை தங்கினா டிஸ்கவுன்ட்னு பதில். எனக்கு டிஸ்கவுன்ட் வேண்டாம், அந்த மேல் ரூமோட நிஜ போட்டோவைப் போடுங்க, ஜன்னல் இல்லைன்னு எழுதுங்க, கதவுக்கு வலை அடிங்கன்னு கேட்டேன். இன்னிக்கு வரைக்கும் பதில் இல்ல, அந்த ரூமுக்கு இன்னமும் முன் ரூம் போட்டோதான் ஓடிக்கிட்டு இருக்கு.