விமானம் திரும்பும்போதா சோப்பு விளம்பரம்?

ஹிட்ச்காக்கின் ‘நார்த் பை நார்த்வெஸ்ட்’ படத்தை நிம்மதியாகப் பார்க்க ஒரு வழி சொல்லுங்கள் ஐயா! ஓடிடி தளத்துக்கு மாதாமாதம் சந்தா கட்டியும் நடுநடுவே விளம்பரம். சரி, போட்டுத் தொலையட்டும். அதை எந்த இடத்தில் போடுகிறார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

ஆளரவமற்ற நெடுஞ்சாலையோரம் பஸ்ஸிலிருந்து இறங்கி நிற்கிறார் கேரி கிராண்ட். சுற்றிலும் வெட்டவெளி. ஒரு கார் போகிறது. இன்னொன்று போகிறது. ஒரு லாரி அவர் கோட்டு சூட்டு மேலெல்லாம் புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போகிறது. எதிர்ப்பக்கம் ஒரு ஆள் வந்து இறங்குகிறான். பெர்னார்ட் ஹெர்மன் மாதிரி ஒரு இசையமைப்பாளரைக் கையில் வைத்துக்கொண்டு, டேங்கர் லாரியில் விமானம் மோதுகிறவரை ஒரு துளி இசை கிடையாது. அந்தக் காத்திருப்புதானே காட்சியே! ‘பயிரே இல்லாத இடத்தில் அந்த விமானம் மருந்தடிக்கிறதே’ என்று சொல்லிவிட்டு அந்த ஆள் பஸ் ஏறிவிடுகிறான். தூரத்தில் விமானம் கிராண்டை நோக்கித் திரும்புகிறது...

டொய்ங்! பாத்திரம் துலக்கும் சோப்பு. ஒரு குடும்பமே தட்டைத் தூக்கிக்கொண்டு ஆடுகிறது. சத்தமோ காதைப் பிளக்கிறது. முடிந்ததா என்றால், அதே சோப்பு, அதே ஆட்டம், இன்னொரு தடவை! திரும்பி வந்தால் கிராண்ட் ஏற்கெனவே தரையில் விழுந்து கிடக்கிற மாதிரி தோன்றுகிறது. பயம் எல்லாம் ஆறிப்போய்விட்டது.

இதில் கூத்து என்னவென்றால், கிராண்ட் நடிக்கும் நாயகன் ராஜர் தோர்ன்ஹில்லே விளம்பரத் தொழில்காரன்தான். உளவாளிகளிடம் தப்பியவனைச் சொந்தத் தொழில்காரர்களே தீர்த்துக்கட்டுகிறார்கள்.

கடைசிக் காட்சிக்கு நேர்வது இன்னும் அநியாயம். ரஷ்மோர் மலையில் தொங்கும் நாயகி ஈவா மேரி செயின்ட்டைக் கிராண்ட் கைகொடுத்துத் தூக்குகிறார். தூக்கி முடிக்கும்போது மலையைக் காணோம், ரயிலின் மேல் படுக்கை! ‘மிஸஸ் தோர்ன்ஹில்’ என்கிறார். அந்த ஒரே வெட்டில் ஆபத்தும் தீர்ந்து கல்யாணமும் முடிந்துவிடுகிறது. 1959-இல் எடுத்த படம் சாமி இது!

சரியாக அங்கே படம் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கி மூலைக்குப் போகிறது. ‘அடுத்து’ என்று ஏதோ ஒரு பேய்ப்படம். பத்து, ஒன்பது, எட்டு... ரிமோட்டைத் தேடி எடுப்பதற்குள் ரயில் சுரங்கத்துக்குள் போய், பேய் வந்து பல்லைக் காட்டுகிறது.

136 நிமிஷப் படத்தில் அந்தக் கடைசி நிமிஷத்தை எனக்கு விட்டுவைத்தால் இவர்கள் குடியா முழுகிப்போகும்?