5 கிராமுக்கு கீழ ஐஸ் போதைப்பொருள் வச்சிருந்தா கேஸ் இல்லையா? பொய் மெசேஜ்

ஹட்டன், தலவாக்கலை பக்கம் வட்ஸ்அப் குரூப்கள்ல ஒரு வொய்ஸ் சுத்துது, "ஐஸ் 5 கிராமுக்கு கீழ இருந்தா கேஸ் இல்ல, ஃபைன கட்டிட்டு அன்னைக்கே வீட்டுக்கு வரலாம், புது சட்டம்"னு. அப்படி ஒரு சட்டமே இல்லங்க.

5 கிராம் கணக்கு எங்க இருந்து வந்துச்சுன்னா, 2022ல போதைப்பொருள் சட்டத்த திருத்தி 41ஆம் இலக்க சட்டம்னு ஒன்னு வந்துச்சு, அதுல ஐஸையும் சேர்த்து, 5 கிராமோ அதுக்கு மேலயோ வச்சிருந்தா மரண தண்டனை இல்லாட்டி ஆயுள்னு போட்டாங்க, ஹெரோயினுக்கு அது 2 கிராம்லயே வந்துரும். அந்த 5 கிராம் எல்லைய யாரோ தலைகீழா வாசிச்சு "அதுவரைக்கும் ஃப்ரீ"னு ஆக்கிட்டாங்க. கொஞ்சூண்டு பக்கெட்டா இருந்தாலும் குத்தம் குத்தம்தான், தண்டனையோட அளவுதான் மாறும். சாமான் அரசாங்க பகுப்பாய்வாளருக்கு போகும், பொடியன் மறியல்ல கிடப்பான், லயத்துல அம்மா லோயருக்கு காசு தேடி அலையணும். இத வொய்ஸ் போட்டவரு சொல்ல மாட்டாரு.

"1976க்கு பிறகு யாரையும் தூக்குல போடலயே"ன்னும் சிலர் சொல்றாங்க. அது உண்மைதான், ஆனா தீர்ப்பு வந்தவங்க வீட்டுக்கு வரல, உள்ளதான் இருக்காங்க.

சந்தேகம்னா பாராளுமன்ற வெப்சைட்ல சட்டம் தமிழ்லயே இருக்கு, பாருங்க. வாசிக்க கஷ்டம்னா சட்ட உதவி ஆணைக்குழுவுல கேளுங்க. அந்த வொய்ஸ இனி ஃபோர்வர்ட் பண்ணாதீங்க, முக்கியமா ஸ்கூல் பசங்க இருக்கிற குரூப்ல.