பத்தாண்டில் 86%: பிள்ளைப்பேறு காரணமல்ல

"அமெரிக்கப் பூர்வகுடிகள் பத்தே ஆண்டில் கிட்டத்தட்ட இரட்டிப்பு, குடும்பத்துக்கு ஏழெட்டுப் பிள்ளை" என்றொரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. முதல் பாதி சரி. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 52 லட்சம், 2020-இல் 97 லட்சம். இரண்டாம் பாதி சுத்தப் புரளி. அவர்களின் கருவள விகிதம், அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளைகள், மக்கள்தொகை குறையாமல் நிற்கத் தேவையான 2.1-க்கும் கீழே.

பிறகு எப்படிக் கூடியது? கணக்கெடுப்புப் படிவம்தான் காரணம். வெள்ளையர், கறுப்பர் கட்டங்களின் கீழும் பூர்வீகத்தை எழுத 2020-இல் இடம் விட்டார்கள். எழுதியதில் முன்பு 30 எழுத்துகளே பதிவாகும், இப்போது 200. பூர்வகுடிக் கட்டத்தில் அமெரிக்காவின் நவாஹோ இனத்தோடு, அதற்குத் தெற்கே வாழ்ந்த மாயன், ஆஸ்டெக் இனப் பெயர்களும் எடுத்துக்காட்டாக அச்சாயின. கலப்பு வம்சாவளியினர் பலர் அப்படித்தான் பூர்வகுடிக் கணக்கில் வந்தார்கள். நாற்பது வயதில் முதல்முறை கணக்கில் சேர்பவரைப் பிறந்த குழந்தை என்றா சொல்வது?